மாப்பிள்ளையை உட்கார வைத்தேன்

ஜனவரி 12, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்! 11-9. தொண்டை போயே போய்விட்டது. ரதாமேஸ் அடித்த பந்து வேலி தாண்டி மளிகைக் கடைக் கூரையில் விழுந்தது. ஓடி முடித்து வந்தவன் ஊர் முன்னால் என்னைத் தூக்கிச் சுற்றினான். "மேனேஜரக் கீழ இறக்குடா, இன்னும் ஆட்டம் முடியல!" என்று எங்கள் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளன் தேமோ கத்தினான். அந்த மேனேஜரைத்தான் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி ரதாமேஸ் கட்டிக்கொள்ளப் போகிறான். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

ஜனவரி 13

ஒன்பது ரன் ஏன் கொடுத்தோம்? பாதி, ரதாமேஸின் கால்களுக்கு நடுவே போனது. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்குத்தான் பந்து ஓயாமல் வரும். அங்கே நிற்பவன் என் ஆள். என்ன செய்ய?

ஜனவரி 19

ஐஸ் ஆலையில் புதிதாகச் சேர்ந்த பெபின் பயிற்சிக்கு வந்தான். குச்சி உடம்பு. ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தினேன். பந்து தானாகவே அவன் கைக்குப் போகிறது! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பேட்டைக் கொடுத்தால் கொசு விரட்டுகிறான்.

"பேட்டிங் எப்படிப்பா?"

"வராது, மேனேஜர். முதல்லயே சொல்லிடறேன்."

ஜனவரி 26

இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம், பிப்ரவரி 9-இல்! எதிரணி லா ஹகுவா, அதுவும் அவர்கள் மைதானத்தில். எல்லாவற்றையும் தரையோடு அடிக்கிற பயல்கள். ரதாமேஸை வேறு இடத்துக்கு மாற்றலாமா? வெளிக்களத்தில் ஓட முழங்கால் விடாது. முதல் தளத்தில் நிற்பவன் அவனுக்கு அடுத்தபடி நன்றாக அடிப்பவன். அடிக்க மட்டும் ஒரு ஆள் வைக்க எங்கள் லீகில் விதியில்லை. பெபினா, ரதாமேஸா — இதே யோசனையில், நான் வேலை பார்க்கும் சலூனில் ஒருத்திக்கு ஒரு பக்கம் மட்டும் முடி நேராக்கி அனுப்பப் பார்த்தேன்.

பிப்ரவரி 2

ரதாமேஸிடம் சொல்லிவிட்டேன், இறுதி ஆட்டத்தில் அவனுக்கு பெஞ்ச் என்று.

"என்னையா? கல்யாணத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமையா, யோக்கா?"

"கல்யாணத்துல நீதான் முதல் ஆள். ஷார்ட்ஸ்டாப்ல இல்ல."

மசித்த வாழைக்காய் மங்குத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அம்மா விடுவாளா? "கட்டிக்கப் போறவன பெஞ்சுல உக்கார வெச்சுட்டு சர்ச்சுல யாரு கூடடி நிப்ப? அந்தக் குச்சிப் பையனோடயா?"

சரியாகத்தானே செய்தேன்? சரிதான். சரிதானா?

பிப்ரவரி 5

ரதாமேஸ் சலூனைத் தாண்டும்போது பைக் ஹாரனை மட்டும் அடித்தான். கோபமா, கொஞ்சலா?

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுத்து ஆடுகிறது, பரவாயில்லை!

பெபின் தடுத்ததை எல்லாம் எழுத இடம் போதாது. அவனால்தான் கடைசி இன்னிங்ஸ் வரை 1-1. இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் போனால் எங்கள் முறை முடிந்தது; எங்கள் ஆள் ரன்னுக்குக் காத்து மூன்றாம் தளத்தில், பேட் பிடிக்க வேண்டியது பெபின். ரதாமேஸ் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் இருந்தான்.

"போ," என்றேன்.

"பெபின எடுத்தா திரும்ப இறக்க முடியாது. அப்புறம் நான்தான் அங்க நிக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"என்ன நம்புறியா?"

"இல்ல. போ!"

ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தான். முதல் பந்தையே இடைவெளியில் அடித்தான். 2-1!

அடுத்து அவர்கள் முறை. அவர்களிலும் இரண்டு பேர் அவுட், ஒருவன் மூன்றாம் தளத்தில். வந்தது பந்து — நேராக ரதாமேஸிடம், தரையோடு, கல்லெறிந்த மாதிரி. நான் கண்ணை மூடவில்லை. மேனேஜர் மூடலாமா? கையுறையில் படவேயில்லை. நெஞ்சில் இடித்து முன்னால் விழுந்தது. பாய்ந்து எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தான். மூன்றாவது அவுட், ஜெயித்தோம்! எனக்கு முன்னால் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டது பெபின்.

பிப்ரவரி 15, காலை

கல்யாணம் நான்கு மணிக்கு. மாப்பிள்ளையைக் காணோம் என்றார்கள். அம்மா பின்னால் கத்தக் கத்த, தலை நிறைய ரோலரோடு மைதானத்துக்கு ஓடினேன். பெபின் தரையோடு பந்து அடித்துக்கொண்டிருந்தான். பாதி பேட்டில் படவேயில்லை. பட்டதை ரதாமேஸ் குனிந்து குனிந்து பிடித்துக்கொண்டிருந்தான். பாதி கைக்கு வரவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணப் பாக்கக் கூடாதாம்!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டான். "அடுத்த சீசன் அங்க யாரு நிக்கிறது, மேனேஜர்?"

"மொதல்ல கையக் கழுவிட்டு சர்ச்சுக்கு வா."