அரப்பு மரங்களின் உயரம்

வெள்ளி இரவு, சூரமங்கலம்.

விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளந்த காட்டை நாங்கள் தரையில் நடந்து சரிபார்க்கிறோம். இன்று நாமகிரிப்பேட்டை தாண்டி மலையடிவாரம். பல சாதி மரங்கள் கலந்த இடம். வேம்பும் வாகையும் சரியாக வந்தன. அரப்பு மரங்கள் மட்டும் லேசர் சொன்னதில் பாதி உயரம்கூட இல்லை. கலப்புக் காட்டில் லேசர் தடுமாறுகிறது என்று நானே முடிவுகட்டி, அலுவலகத்துக்குப் போனில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

அதன் பிறகுதான் தழைக்கட்டோடு ஓர் அக்கா வந்தார்.

"மரம் குட்டையா இருக்குதுன்னு பாக்கறீங்களா? நாந்தானுங்க போன வாரம் கொப்பு வெட்டுனேன். தழையைக் காய வெச்சு இடிச்சு, அரப்புத்தூளாச் சந்தையில விக்கறனுங்க."

ஒளிக்கவே தோன்றவில்லை அவருக்கு. மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து நீட்டினார். "தலைக்குத் தேச்சுக் குளி, சாமி. முடி கொட்டாது."

லேசர் சரியாகத்தான் அளந்திருக்கிறது. விமானம் போன பிறகு மரத்தை வெட்டியிருக்கிறார். ஆனால் அது காப்புக்காடு. 'வெட்டப்பட்டது' என்று எழுதினால் அறிக்கை வனத்துறைக்குப் போகும். அவர்கள் அந்த அக்காவைத் தேடிப் போவார்கள். 'காற்றில் முறிந்தது' என்று எழுதிவிட்டேன்.

அதோடு அனுப்ப வேண்டிய படங்களை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்தக் காற்றும் கொப்பை இவ்வளவு நேராக வெட்டாது.

இன்னும் அனுப்பவில்லை. தலை காயவில்லை. தலையணை முழுக்க அரப்பு வாசம்.