உப்பில்லாத ஃப்ரைடு ரைஸ்

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

இன்றும் என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டார். "வெறுஞ்சோத்துல நாலு பீன்ஸ வெட்டிப் போட்டுட்டு, இதுக்குப் பேரு ஃப்ரைடு ரைஸா?" என்கிறார். பேச்சைப் பார்! ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்து, சீனன் கடையில் தின்று பழகிய நாக்கு. கிட்னி இரண்டும் போனது இவருக்குத் தெரிகிறது, இவர் நாக்குக்குத் தெரியவில்லை. சோயா சாஸ் கூடாது, அஜினமோட்டோ கூடாது, உப்பு கூடவே கூடாது. உப்பு சேர்ந்தால் தாகம் எடுக்கும், குடித்த தண்ணீர் வெளியே போகாமல் மூச்சை அடைக்கும். பொட்டாசியமும் ஆகாது என்று காயைக்கூட வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வதக்குகிறேன். "அப்ப சிங்கப்பூருக்கே போங்க" என்று கத்திவிட்டேன். பிறகு அடுப்படியில் நின்று அழுதேன்.

3 செப்டம்பர், செவ்வாய்

டயாலிசிஸுக்குப் புதுக்கோட்டை போனபோது நர்ஸ் ஒரு வழி சொன்னார்: கொஞ்சம் வினிகர் விடலாம். இரும்புச் சட்டியைப் புகையக் காயவைத்து, பூண்டு, மிளகு, வெங்காயத்தாள், ஒரு சொட்டு வினிகர். பாதித் தட்டு சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்று வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடும்!

27 அக்டோபர், ஞாயிறு

கொழுந்தன் பிரவீன்குமார் தீபாவளித் துணி கொண்டுவந்தான். நான் குழாயடிக்குப் போன நேரத்தில் அண்ணனுக்குச் சில்லி சிக்கன் பார்சலைப் பிரித்துக் கொடுத்திருக்கிறான், நூடுல்ஸும். "அண்ணே ஆசப்பட்டுக் கேட்டுச்சு அண்ணி"ங்கிறான். ஆசையாம் ஆசை! கூடப்பொறந்தவனே எமனுக்கு வழிகாட்டுனா நான் எங்கிட்டுப் போயி முட்டிக்கிறது?

28 அக்டோபர்

விடியலில் மூச்சுத் திணறல். 108 வந்தது. "ஆத்மநாதன் கூட யாரு வந்திருக்கீங்க?" என்று ஐ.சி.யு. வாசலில் கூப்பிடும்போதெல்லாம் செருப்பக்கூடப் போடாம எந்திரிச்சு ஓடுறேன். சாமி, உசுர மட்டும் குடுத்துரு.

15 டிசம்பர், ஞாயிறு

பிழைத்து வந்தார், பாதி ஆளாக. இருதயமும் பலவீனமாம். இப்போதெல்லாம் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்கு வேலை ஏவுகிறார். "சோறு நல்லா ஆறட்டும் புவனா... தீயக் கூட்டு... அங்கிட்டு ஒட்டுது பாரு, கிண்டு." கொத்தனாரிடம் சித்தாளாக நிற்பதுபோல் இருக்கிறது. இன்று கோபி மஞ்சூரியன். "மாவு ஜாஸ்தி" என்று குறை சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் தின்று தீர்த்தார். சண்டை போடவாவது ஆள் இருக்கிறாரே, அது போதும்.

9 பிப்ரவரி 2025

கால் வீங்கியிருக்கிறது. அழுத்தினால் பள்ளம் விழுகிறது.

20 பிப்ரவரி, வியாழன்

டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே டயாலிசிஸ ஹார்ட்டு தாங்காதும்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, கேக்குறதச் செஞ்சு குடுங்க." அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர் குளத்தூர் வரும்வரை பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். டாக்டரு என்ன சொன்னாருன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? — கேட்கவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

சோயா சாஸ், அஜினமோட்டோ, உப்பு, கோழி — எல்லாம் போட்டு ஃப்ரைடு ரைஸ் செய்தேன். வீடெல்லாம் வாசம். ஒரு கரண்டி வாயில் வைத்தவர் அப்படியே என்னைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உப்புப் போட்டிருக்க."

"ம்."

டாக்டர் என்ன சொன்னார் என்று அப்போதும் கேட்கவில்லை. வெகுநேரம் மென்றார். விழுங்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கரிக்குதுடி. நாளைக்கு எப்பவும் போல செய்."

"சரிங்க" என்றேன்.