முக்காலி நன்றாக இருக்கிறாள் என்று நான் சொன்னது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறோம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டது, எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், முப்பத்தைந்து வருஷத்தில் இப்போதுதான் உன்னைச் சரியாகப் பார்க்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பார்த்தது போதும் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தி மகளுக்கு ஏழாம் மாதம். சித்தி தினமும் போன் போட்டு அந்தப் பெண் என்ன சாப்பிட்டாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள் என்பதுவரை எனக்கு ஒப்பிக்கிறாள். மாடிப்படி விளக்கு இன்னும் எரியவில்லை, நீ ஊருக்குப் போன அன்று அணைந்தது அப்படியே இருக்கிறது, தடவித் தடவித்தான் ஏறுகிறோம்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. போன மூன்று தடவையும் நீ போனில் முக்காலி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய், நன்றாக இருக்கிறாள் என்று மூன்று தடவையும் சொன்னேன். பொய் சொன்னேன். அவள் எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தைவிட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. போனில் சொல்ல வாயெடுத்தால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நீ கேட்டால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அப்புறம் அப்பா போனை வாங்கி மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். காகிதத்தில் என்றால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். உட்கார்ந்து படி. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் அழு.

உன் புத்தகம் பார்சலில் வந்த அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உள்ளே இருக்கிற பாஷை எனக்கு எட்டாது, ஆனால் உன்னிடம் பேசிய பிள்ளைகளும் படிக்கட்டும் என்று கடைசியில் நம் பாஷையில் நாலு பக்கம் சேர்த்திருந்தாயே, அதை அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பள்ளியைவிட்டு நின்றுபோன பதினொரு பிள்ளைகள் தாங்கள் வேலை செய்கிற இடத்தில் என்னவெல்லாம் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதில் முக்காலியைப் பற்றித்தான் அதிகம். பின்னக் கணக்கு வரவில்லை என்று ஏழாவதில் நின்றவள், படுக்கை விரிப்பை மடிக்கும்போது பாதி, கால், அரைக்கால் என்று எங்களுக்கே சொல்லித் தந்தது. மெஷின்மேல் ஒட்டியிருக்கிற எச்சரிக்கைச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்தே வேற்று பாஷை எழுத்தைப் பழகிக்கொண்டது. உலர்த்துகிற மெஷின் நின்றுபோனால் உயரம் போதாமல் முக்காலி போட்டு ஏறி, பின்மூடியைக் கழற்றி, தேய்ந்த பெல்ட்டை எடுத்துவிட்டு வேறு போட்டது. எட்டு மாதம் நோட்டும் கையுமாக எங்கள் மூட்டைகளுக்கு நடுவில் நீ உட்கார்ந்திருந்தது வீண்போகவில்லை, ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாய். அவளுக்கு வேறு பேர்தான் வைத்திருந்தாய். பேரை மாற்றி என்ன செய்ய, போகிற இடமெல்லாம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போகிற பெண் எங்கள் கூடத்தில் ஒருத்திதானே.

நான் சும்மா இருந்திருக்கலாம். மறுநாளே புத்தகத்தைத் துணிப்பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போய், மடிக்கிற மேஜைமேல் விரித்து வைத்து எல்லோருக்கும் காட்டினேன். முக்காலி தன்னைப் பற்றிய பக்கத்தைத் தொட்டுப் பார்க்க மூன்று தரம் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார், மாசத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கிற மனிதர், சிரித்த முகமாக, கொடுங்கம்மா நானும் படிச்சிட்டுத் தர்றேன் என்று வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். "மெஷினைத் திறந்து வேலை பார்த்த பொண்ணுன்னு உங்க மக எழுதியிருக்காங்களே, யாரும்மா அது?" என்றார். பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "வேற யாரு சார், நம்ம முக்காலிதான்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அப்பா வழக்கமாகச் சொல்வார், உனக்குப் பெருமை வந்தால் வாய்க்குக் கதவு கிடையாது என்று. அன்றைக்கு அது சரியாய்ப் போயிற்று.

அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். நான் ஓடிப்போய் மேனேஜர் மேஜை முன்னால் நின்றேன். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன், அவர் முகமும் வாடித்தான் இருந்தது. "சர்டிபிகேட் இல்லாத பொண்ணு மெஷினுக்குள்ள கை விட்டிருக்கான்னு அச்சுல வந்திருக்கும்மா. நாளைக்கு அவ கை போனா யார் பதில் சொல்றது? மேல இருக்கறவங்க கேட்டா தெரியாதுன்னு நான் இனிமே சொல்ல முடியாதே" என்றார். இரண்டு வருஷமாக அவள்தான் அந்த மெஷினை ஓட வைத்தாள், நீங்களும் கண்டும் காணாமல்தானே இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "காணாம இருந்தவரைக்கும் அவளுக்கு வேலை இருந்துச்சு" என்றார். சரி, மடிக்கிற வேலையாவது கொடுங்கள், மெஷின் பக்கமே போகமாட்டாள் என்று கெஞ்சினேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அவள் தன் முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு, அது கூடத்துச் சாமான் என்று வாசலில் காவலாளி சொன்னதும், அங்கேயே கீழே வைத்துவிட்டுப் போனாள்.

ஆறு வாரம் கழித்து அந்த மெஷின் நின்றது. ஈர விரிப்புகள் மலைபோலக் குவிந்து, வார்டுகளிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து சத்தம் போட, நாங்கள் ஜன்னல் கம்பியில்கூடக் காயப்போட்டோம். நாலாம் நாள் கம்பெனி மெக்கானிக் வந்து பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதுக்கு முன்னாடி யாரும்மா இதைப் பார்த்தது, எங்க ஆள்கூட இவ்வளவு சுத்தமா வேலை செய்யமாட்டான் என்று கேட்டார். பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் ஊமையாக இருந்தேன், இருக்க வேண்டிய நேரத்தில் சொன்னேன், உன் அம்மாவின் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்று நினைத்துவிடாதே. சர்டிபிகேட்தானே வேண்டும், வாங்கிவிடுவோம் என்று அவளைத் தொழிற்பயிற்சிப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். நன்றாகத் தலை வாரி, துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மோட்டாரைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் காத்திருந்த நேரமெல்லாம் அவள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, இது தேஞ்சா இப்படிச் சத்தம் வரும் பெரியம்மா, அது இறுகினா இப்படி என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசாத பெண் என்று உன்னிடம் அவள் பழைய டீச்சர் சொன்னாராமே, இங்கே வாய் ஓயவில்லை. குமாஸ்தா பத்தாவது பாஸ் செய்த சீட்டு கேட்டார். இல்லை என்றதும் நான் உன் புத்தகத்தை எடுத்து, மேனேஜர் பென்சிலால் கோடு போட்டுத் தந்திருந்த பக்கத்தையே திருப்பி வைத்தேன். அவர் பொறுமையாகத்தான் படித்தார். மெச்சிக்கொண்டுதான் படித்தார். படித்து முடித்து மூடி, என் பக்கம் நகர்த்தி, "நல்லா எழுதியிருக்காங்க. ஆனா இது புத்தகம்மா, சர்டிபிகேட் இல்ல" என்றார். அதே பக்கம்தான். அவளை வெளியே அனுப்பும்போது அது போதுமான சாட்சியாக இருந்தது, உள்ளே சேர்க்கும்போது கதையாகிவிட்டது. மறுநாளிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அவளைக் கண்டுபிடித்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கொட்டகையில் இருக்கிறாள். நாள் முழுக்கப் பெட்டியை விரித்து, அடிப்பக்கம் டேப் ஒட்டி, அடுக்க வேண்டும். பின்னால் ஒரே அறையில் ஆறு பெண்கள் தங்கியிருக்கிறார்கள். இளைத்துவிட்டாள். விரல் நுனியெல்லாம் அட்டை கிழித்த கோடு. டேப் அறுக்கிற மெஷின் ஒன்று டக் டக் என்று மாட்டிக்கொண்டே ஓடியது, எனக்கே காது கூசியது, அவளுக்குக் கேட்காமல் இருக்குமா, ஆனால் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஏன் என்று கேட்டேன். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது பெரியம்மா என்றாள்.

பிறகு அவளே, அக்கா எழுதினதை நான் முழுசாப் படிச்சதே இல்ல, வச்சிருக்கீங்களா என்று கேட்டாள். பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அடுக்கி வைத்த பெட்டிக்கட்டின்மேல் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்து, உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தாள். நான் உதவப் போகவில்லை, அவளுக்கு அது பிடிக்காது. மடிக்கிற கணக்கு வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். பெல்ட் மாற்றியது வந்தபோது, மூணு ஆணின்னு போட்டிருக்காங்க, நாலு ஆணி என்றாள். பிறகு திரும்ப அந்த நாலு பக்கத்தில் முதல் பக்கத்துக்குப் போய், நீ தலைப்பாக வைத்திருந்தாயே பின்தங்கிய இளைஞர்கள் என்று, அந்த வார்த்தையில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பின்தங்கியன்னா என்ன பெரியம்மா?" என்றாள். வசதி வாய்ப்பு கிடைக்காத பிள்ளைகளைப் பொதுவாக அப்படி எழுதுவார்களம்மா, படித்தவர்கள் பேச்சு அது என்று என்னவோ மழுப்பினேன். "நான் எதுக்குமே பின்னால வந்ததில்லையே. கூடத்துல காலைல முதல்ல வர்றது நான்தானே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கில் ஏதோ தப்பு இருக்கிறது, திருத்திவிடலாம் என்கிறதுபோலச் சொன்னாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள்தான் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கிளம்பும்போது பஸ் நிற்கிற இடம்வரை கூடவே வந்தாள். அங்கே நின்று சொன்னாள், அதை உன்னிடம் அப்படியே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். "அடுத்த தடவை அச்சடிக்கும்போது என்னை மட்டும் அதுலேருந்து எடுத்துடச் சொல்லுங்க. மத்த பத்து பேர் இருக்காங்கல்ல, அது போதும்." அக்காமேல் கோபமா என்று கேட்டேன். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

நீ இந்த வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பகலாக நீ படித்தது யாரையும் கெடுக்க இல்லை என்று எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்கும் புத்தி இருக்கிறது என்று நாலு பேர் கேட்கும்படி சொல்லத்தான் எழுதினாய். ஆனால் அவளிடம் நீ நூறு கேள்வி கேட்டிருப்பாய், பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டே நானும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுதினால் உனக்கு என்ன ஆகும் என்கிற ஒரு கேள்வியை நீயும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீ எழுதினாய், நான் காட்டிக்கொடுத்தேன். இதில் யார் பங்கு அதிகம் என்று நீயும் நானும் போட்டி போட வேண்டாம். நான் தினமும் அந்தக் கூடத்துக்குப் போய் அவள் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன், என் பங்கு எனக்குத் தெரியும். அப்பாவும் உன்னைத் திட்டவில்லை. பிள்ளை மனசு உடைஞ்சு போகும், பார்த்து எழுது என்றுதான் இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போனார். பார்த்துத்தான் எழுத நினைத்தேன், வரவில்லை.

அவளை எடுத்துவிடு. எடுத்தால் உன் புத்தகத்தில் பாதி போய்விடும் என்று தெரியும், இருந்தாலும் எடுத்துவிடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள், இதைப் படித்துவிட்டுப் பட்டினி கிடக்காதே. நீ தீர்க்காயுசாக, நாலு பேருக்கு நல்லது செய்கிறவளாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் உன்னை நினைத்துக் கும்பிட்டேன். எனக்குப் பதில் எழுத அவசரமில்லை. முதலில் அவளுக்கு எழுது, விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே வருகிற கடிதங்களை மேஸ்திரி பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாராம். அதனால் மெஷின், படிப்பு, ஆராய்ச்சி, அவள் கெட்டிக்காரி என்று எதுவும் அதில் எழுதிவிடாதே. கூடப் பிறந்த தங்கைக்கு எழுதுகிற மாதிரி, நலமா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா