பன்னிரண்டாம் நாள் தூது

என் மகாராணிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? உன்னைக் கேட்காமல் இன்னும் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று நீ போனை எடுக்காமல் இன்றோடு பன்னிரண்டு நாள். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சலவைக்கூட ஆட்களைப் பழைய போர்க்களம் இருக்கும் ஊருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். புல்தரையும் நாலு பீரங்கியும்தான். பதுங்குகுழிக்குள் வீரமாக இறங்கிய நான் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். வெறும் சிராய்ப்பு, பயப்படாதே. "முந்நூறு வருசத்துக்கு அப்புறம் இங்க அடிபட்ட ஒரே ஆளு நீதான்யா!" என்று அறைத்தோழரான இஸ்திரிக்காரர் பஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அங்கே மோதிக்கொண்ட இரண்டு ராஜாக்களுக்கும் மூன்றாம் நாளே சண்டை அலுத்துவிட்டதாம். யார் முதலில் தூது அனுப்புவது என்கிற ரோஷத்தில் ஏழு வருடம் இழுத்ததாம். வழிகாட்டி அம்மாள் இதைச் சொன்னதும் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். இஸ்திரிக்காரர் மட்டும் என் காதில், "என்னய்யா, வீட்டு ஞாபகமா?" என்றார்.

ஆகவே, நானே அனுப்புகிறேன். உன்னைக் கேட்காதது தப்பு. அடுத்த மாதக் கடைசிவரை அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறலாமாம். வரவா, இருக்கவா, நீயே சொல்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்காமல் கொடு. இங்கே நாள் முழுக்க சோப்பு வாசனைதான்.

இஸ்திரிக்காரர் தபால்பெட்டிக்குக் கிளம்பிச் செருப்போடு நிற்கிறார். தினம் ஏழு மணிக்குப் போன் அடிப்பேன். திட்டுவதற்காகவாவது எடு.

ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்ட
உன் வீட்டுக்காரன்