லூர்துக்குப் போற கத்தி, கரண்டி

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
வைகாசி 14

அன்பு மகள் மேனுகாவுக்கு,

மாதாவின் புண்ணியத்திலை அப்பாவும் நானும் சுகம், என்ரை முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே முனகத் தொடங்கிடும், அதை விடு. நீயும் மருமகன் பிரவினும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேணுமெண்டு ஒவ்வொரு நாளும் செபமாலையிலை கேக்கிறன். போனிலை எண்டால் நான் பாதியிலை அழத் தொடங்கிடுவன், அதாலைதான் எழுதுறன். வாற மாதம் நாங்கள் லண்டனுக்கு வந்து நாலுபேருமாய்ப் பாரிசுக்கு ரெயினேறி லூர்து மாதாவிட்டைப் போறது எல்லாம் சரி. ஆனால் நீ கோயிலிலை தாலி கட்டாமல் கலியாணப் பதிவுக் கந்தோரிலை போய்க் கையெழுத்து வைச்ச நாளிலை இருந்து ரண்டு வருசமாய் அப்பா உன்னோடை ஒரு சொல் கதைக்கேல்லை, மருமகன்ரை பேரை வீட்டிலை எடுக்கவும் விடேல்லை. நீ கூப்பிட்டாய் எண்டு மாதாவிட்டை வர ஓம் எண்டவர், உன்னட்டை வாறன் எண்டு சொல்லேல்லை. அந்த ரெயினுக்குள்ளை உங்களை எதிரெதிரே இருத்தி வைச்சு நான் என்ன செய்யப்போறனோ தெரியேல்லை.

இவர் என்னடா எண்டால் வழிச்சாப்பாட்டுக்குக் கத்தி கரண்டி கட்டுறதிலையே நிக்கிறார். ஆசுபத்திரியிலை இருபத்தாறு வருசம் சாப்பாட்டு வண்டில் தள்ளின மனிசன், சொல்லவே வேணும். முதல் எல்லாத்தையும் அலுமினியத் தாளிலை தனித்தனியாய்ச் சுத்தி அடுக்கினார். விமான நிலையத்திலை துப்பரவு வேலை செய்யிற மேல்வீட்டு அம்புறோஸ் அண்ணை வந்து பாத்திட்டு, சூசை, ரெயினுக்கும் பிளேன் மாதிரித்தான் சோதிப்பாங்கள், உது மெசினிலை ஏதோ கட்டி மாதிரித் தெரியும், உன்னைத் தனியாய்க் கூட்டிக்கொண்டு போய்ச் சப்பாத்தையும் கழட்டுவாங்கள் எண்டு பயப்பிடுத்திப் போட்டார். சப்பாத்து எண்டதும் இவருக்கு முகம் செத்துப்போச்சு, எந்தக் காலுறையைப் பாத்தாலும் பெருவிரல் வெளியாலை. உடனை முழுக்க அவிட்டு, உள்ளுக்குக் கிடக்கிறது தெரியிற பிளாஸ்ரிக் பையளிலை போட்டு, ஒவ்வொண்டுக்கும் லேபல் ஒட்டினார், மேலை பெரிசாய்ப் பிரெஞ்சு, கீழை சின்னனாய் இங்கிலிஷ். இஞ்சாருங்கோ, இது கெபெக்கிலை சட்டத்துக்குப் பிரெஞ்சைப் பெரிசாய்ப் போட்டுக் கடை திறக்கிற விசயமில்லை எண்டன், கேட்டால்தானே. ரெயினேற முதல் சோதிக்கிற பிரெஞ்சுக்காரன் தன்ரை பாசையை மேலை கண்டால் மரியாதை குடுப்பானாம். கத்தி எண்டு ரண்டு பாசையிலை எழுதி ஒட்டிக்கொண்டு பொலிசுக்கு முன்னாலை போற ஆள் உலகத்திலை உன்ரை கொப்பர் ஒருத்தர்தான்.

நீ அனுப்பின ரெயின் சட்டத் தாளிலை நீளக் கத்தி கூடாது எண்டு கிடந்ததாலை என்ரை தையல் நாடாவை எடுத்து வீட்டிலை உள்ள கத்தி எல்லாம் அளந்தார், ஒண்டும் தப்பேல்லை. சரியெண்டு தெருமூலை டெப்பானர் கடையிலை பிளாஸ்ரிக் கத்தி வாங்கிக் குடுத்தன். அப்பிளிலை வைச்சு அமத்தினார், பட்டெண்டு முறிஞ்சு நுனி சம்பலுக்குள்ளை விழுந்திட்டுது, ரண்டு பேரும் கால்மணித்தியாலம் சம்பலைக் கிண்டினம். எனக்கு விசர் வந்து, வீட்டிலையே வெட்டிக்கொண்டு போவமன், உந்தக் கத்தி ஏன் எண்டு கத்தினன். நேரத்தோடை வெட்டினால் நிறம் மாறிப்போடும், பேந்து அவள் தொடமாட்டாள் எண்டார். அவள் எண்டது உன்னைத்தான், மகள். ரண்டு வருசத்துக்குப் பிறகு உன்னைப் பற்றி வாயிலை வந்த முதல் கதை அதுதான். அண்டைக்கே போய் அந்தத் தாளிலை விடுற அளவிலை ஒரு சின்னக் கத்தி வாங்கிக் குடுத்தன், பிளேனிலை கீழை போடுற பெட்டிக்குள்ளை அது வரும்.

அதாலை ரெயினிலை அப்பா அப்பிள் வெட்டித் தந்தால் வயிறு முட்டியிருந்தாலும் வாங்கிச் சாப்பிடு, பழைய கதையை இழுக்காதை. ரெயினுக்குள்ளை குளிரும், கழுத்தை மூடிக்கொண்டு வா, வேலை வேலையெண்டு சாப்பாட்டை விடாதை. மாதா உங்கள் ரண்டு பேரையும் கண்ணுக்குள்ளை வைச்சுக் காக்கட்டும்.

முடிக்கப்போகேக்கை அப்பா வந்து நிண்டார். ஆசுபத்திரியிலை மாதிரி ஆருக்கு என்ன சாப்பாடு எண்டு ஆளுக்கொரு துண்டு எழுதுறாராம், மூண்டு எழுதிப்போட்டார், நாலாவது வெறுமையாய்க் கிடக்கு. என்ரை முகத்தைப் பாராமல், மருமகன் சைவமோ மச்சமோ எண்டு கேட்டார். பிரவின் மீன் எண்டால் முள்ளையும் விடமாட்டார் எண்டு எனக்குத் தெரியாதே? எனக்கெப்பிடித் தெரியும், மகளிட்டைக் கேளுங்கோ எண்டிட்டன். இப்ப கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன்ரை நம்பரைத் தேடுறார். இந்தக் கடிதம் வரமுதல் போன் வந்திருக்கும், நான் பொய் சொன்னதை அப்பாவிட்டைக் காட்டிக் குடுத்திடாதை.

என்றும் உன் நினைவாய் இருக்கிற அம்மா,
செலீன் சூசைப்பிள்ளை