வரிசையில் நின்றவள்

கராச்சர்மா
2.5.2015

அன்பு மகள் பானுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு நலம், மனசுக்குத்தான் இல்லை. சென்னை வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அதனால்தான் நாளை விமானம் ஏறும் சொக்கலிங்கம் மாமா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எல்லாம் அந்த மெயிலால் வந்த வினை. இணையத்தில் காசு கொடுத்தவனுக்கு வேகம், மற்றவனுக்கு மந்தம் என்று கம்பெனிகள் பிரிக்கக் கூடாது, அதைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்கு வேண்டும் என்று கருத்துக் கேட்ட தில்லி டெலிகாம் ஆணையத்துக்கு எழுதினாய், சரி, அதை என் மெயில் ஐடியிலிருந்தா அனுப்புவாய்? உன் காலேஜ் விண்ணப்பத்துக்காக என் பெயரில் தொடங்கியது, ஒரு பக்கம் திறக்கவே அரை மணி ஆகும் இந்தத் தீவில் இன்னொன்று தொடங்கச் சோம்பல்பட்டு வீட்டுக்கே அது ஒன்றாகிப் போனது. வந்த கருத்துகளைப் பெயரோடு வெளியிட்டதில் விஜயகுமாரி என்று நான் நிற்கிறேன். சர்க்கார் ஊழியர் எப்படி எழுதலாம் என்று ஆபீசில் மெமோ, திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டும். அரசுக்கு அதிகாரம் கொடு என்று கேட்டதற்கே அரசு என்னை முறைக்கிறது, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஹெட் கிளார்க் காத்தமுத்து, பொண்ணு தெரியாம செஞ்சிடுச்சின்னு ஒரு மாஃபி எழுதிக் குடுங்க மேடம், பாத் கதம், விஷயம் அதோட முடிஞ்சிடும் என்கிறார். இல்லாவிட்டால் தெற்குக் கோடியிலுள்ள கேம்ப்பெல் பே என்ற ஊருக்குத் தூக்கியடிப்பார்களாம். கப்பலில் இரண்டு நாள் தள்ளி நான் கிடந்தால் அப்பாவின் இன்சுலினை யார் பார்ப்பது? அப்பாவோ, அரசு கையில் கொடுத்தால் நாளைக்கு அதுவே இணையத்தை மூடிவிடும், இதற்கா இந்தப் பாடு என்று உன்னைத் திட்டுகிறார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் மன்னிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன், எதற்கு மன்னிப்பு என்று பார்க்கலாமே என மெயிலைத் திறந்தேன். அதையா எழுதியிருக்கிறாய்! சுனாமிக்கு நாலாம் நாள், வேலை செய்த ஒரே போன் பூத், ஆளுக்கு ஒரு நிமிஷம். இரட்டிப்புப் பணம் தருகிறேன் என்று நமக்கு முன்னால் புகுந்த கான்ட்ராக்டரை, லைன் மே ஆவோ என்று அந்த வங்காளிப் பூத்துக்காரர் பின்னால் அனுப்பினார். நாம் பேசி முடித்ததும் லைன் செத்துப்போனது. ஊரில் நம்மை நினைத்து அழுதுகொண்டிருந்தவர்களுக்கு நாம் உயிரோடிருப்பது அப்படித்தான் தெரிந்தது. உனக்கு அப்போது பத்து வயது, மறந்திருப்பாய் என்று நினைத்தேன்.

எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். மெயில் அனுப்பியது மகள், கருத்து என்னுடையது என்று வேறு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீ ஆபீசுக்கு எதுவும் எழுதிவிடாதே. மாமா திரும்பும்போது இன்சுலின் வைக்க ஒரு ஐஸ் டப்பா வாங்கிக் கொடுத்துவிடு, போக வேண்டி வந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். உனக்கென்று ஒரு ஐடி தொடங்கு. முருகன் உன் கூடவே இருப்பான். கேம்ப்பெல் பேயிலிருந்து போன் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். சில நாள் என் குரல் வராவிட்டால் பயப்படாதே, அம்மா எங்கேயோ வரிசையில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்.

உன் அம்மா,
விஜயகுமாரி