பதினைந்தாவது கையெழுத்து

நேற்று நமது நூலகத்தின் நிர்வாகக் குழு கூடி, ஒன்றரை மணி நேர விவாதத்தின் பின், முத்திரையின் மை இனியும் ஊதாவாகவே இருக்கும் என்று தீர்மானித்தது. எதிர்த்தவர் ஒருவர். அவருடைய எதிர்ப்பையும் எழுதி, அதன் கீழே ஊதா மையில் முத்திரை குத்தினேன். புது மைப்பெட்டியின் மணத்தில் ஒடாஹுஹு புறநகரில் இருந்த உமது கராஜ் நினைவுக்கு வந்தது. நீர் காலமாகி ஒரு வருடமாகிறது. ஆனாலும் தீர்மானங்களை உறுப்பினர்களுக்கு அறிவிப்பது செயலாளரின் கடமை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கராஜில் பதினொரு பெட்டித் தமிழ்ப் புத்தகங்கள் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருந்தன. ஊரிலிருந்து வந்தவர்கள் உடுப்பைக் குறைத்துவிட்டுக் கொண்டுவந்தவை. பக்கத்து மண்டபத்தில் ஓர் அறை கிடைக்கும் என்றார்கள். ஆனால் சட்டப்படி பதிந்த சங்கத்துக்கு மட்டும், அதுவும் மாத முடிவுக்குள். பதிவதற்கு விதிகள் வேண்டும், பொது முத்திரை வேண்டும், பதினைந்து உறுப்பினரின் கையெழுத்து வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் பத்திரம் எழுதும் வேலை பார்த்த நீர் விதிகளை எழுதினீர். "நூலகம் வாசிப்பவர்களுக்கே உரியது" என்பது முதல் விதி. அதற்கு மேலும் விதிகள் எதற்கு என்று கேட்டேன்.

"சண்டை பிடிக்க" என்றீர்.

பதினைந்து கையெழுத்தையும் சேர்த்து அனுப்பினோம். பதிவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. உறுப்பினர் பதினான்கு பேர்தானாம். திரு. எஸ். தம்பிராசா இரண்டு முறை கையெழுத்திட்டிருக்கிறாராம்.

தவறு நம்முடையதுதான். படிவம் குடும்பப் பெயர் கேட்டது. அப்படி ஒன்று இல்லாத நாம் எல்லோரும் தகப்பன் பெயரை எழுதிவிட்டோம். தம்பிராசாவின் மக்கள் சிவநேசனும் சிவதாசனும் ஏவன்டேலில் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆகவே சட்டத்தின் கண்ணில் நாம் தகப்பன்மாரின் சங்கம். அந்தக் கணக்கில் பதினான்கு என்பது சரி.

செய்தி அறிந்து தலைவர் வந்தார். ஏற்கெனவே நான்கு சங்கங்களுக்குத் தலைவர் என்பதால் அவரை வேறு பெயரால் யாரும் அழைப்பதில்லை.

"பதினைஞ்சாவது ஆளா நான் கையெழுத்து வைக்கிறன். லைப்ரரிக்கு எங்கட அப்பாவின்ர பேரை வையுங்கோ. சின்ன விசயம்தானே."

"வாசிக்கிறதெண்டால் வாங்கோ" என்றீர். "பேர் எழுதுறதெண்டால் கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் உபயம் செய்யுங்கோ. வெளிச்சம் வராட்டியும் பேர் தெரியும்."

"றூம் போயிடும்."

"போகட்டும்."

அவர் போனபின் நான் கெஞ்சினேன். "ஐசே, ஒரு பேர்தானே. புத்தகமெல்லாம் ஈரமாகுது."

"இண்டைக்குப் பேரைக் குடுத்தால், நாளைக்கு எந்தப் புத்தகம் இருக்கலாமெண்டு அவர்தான் சொல்லுவார். காயவைக்கலாம், விடும்" என்றீர்.

மறுநாள் சகோதரர் இருவரையும் நகரத்து அலுவலகத்துக்கு அழைத்துப்போனீர். ஒருவர் காலை ஷிஃப்ட், மற்றவர் மாலை ஷிஃப்ட். இருவருக்கும் சேர்த்து ஒரே கோட். அவர்களை ஒன்றாகப் பார்ப்பது நமக்கே அரிது. இதில் திரு. தம்பிராசா யார் என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டார்.

"அவர் ஊரில் இருக்கிறார்" என்றீர் ஆங்கிலத்தில். "அவர் விண்ணப்பிக்கவில்லை."

அந்தப் பெண் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் இரண்டு பேரா என்று கேட்டார். "ஓம்" என்றான் சிவதாசன், கோட் இல்லாத குளிரில் தமிழிலேயே. அவர் பதினான்கை வெட்டிப் பதினைந்து என்று எழுதினார். மாத முடிவுக்கு இரண்டு நாள் முன்பு சான்றிதழ் வந்தது. புத்தகங்களை உமது ஹீட்டருக்கு முன்னால் காயவைத்தோம்.

இந்தக் குளிர்காலம் தலைவர் மறுபடி கேட்டார். புது அலுமாரிகள் தருவாராம், தகப்பனார் பெயருடன். குழுவில் பாதிப்பேருக்கு ஆசை. நான் உம்மைப்போலத் துணிந்தவன் அல்லன். ஆனால் முதல் விதியை வாசித்துக் காட்டிவிட்டு, உமது பதிலை ட்யூப் லைட் உட்பட அப்படியே எழுதி அனுப்பினேன். அலுமாரி போய்விடும் என்றார்கள். போகட்டும் என்றேன். அது உம்மிடம் இரவல் வாங்கிய சொல். திருப்பித் தருவதாக இல்லை.

போன சனிக்கிழமை தலைவர் வந்தார். இரண்டு புத்தகங்களைத் தெரிந்தெடுத்து, உறுப்பினர் படிவத்தை நிரப்பினார். குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் தம் தகப்பனாரின் பெயரை எழுதினார்.